அடிப்பூச்சு நிற்கவேண்டும், மேற்பூச்சு தேயவேண்டும்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் வழியில் உள்ள மண்டகப்பட்டில், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் ஒரு பாறையைக் குடைந்து மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய எதுவும் இல்லாமல் ஆக்கப்பட்ட கோயில் அது என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு பெருமையோடு சொல்கிறது. அழியும் பொருள்களை ஒதுக்கிவிட்டால் அழிவையே ஒதுக்கிவிடலாம் என்ற எண்ணம் அதில் தெரிகிறது. ஆனால் ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து, இதே மாவட்டத்தின் பனமலையில் இராசசிம்மப் பல்லவன் தாளகிரீசுவரர் கோயிலைக் கட்டியபோது சுதை திரும்பி வந்துவிட்டது. கல்லின்மேல் சுண்ணச்சாந்து பூசி, அதை மெருகேற்றி, அதன்மேல் வண்ணம் தீட்டினார்கள். குடைக்குக் கீழே, ஒரு காலை மடித்து, தலை சாய்த்து நிற்கும் உமையின் ஓவியம் ஒரு சிறு சன்னிதிச் சுவரில் இன்றும் எஞ்சியிருக்கிறது. அவள் பார்த்து நின்ற ஆடல்வல்லானின் ஓவியம் பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது. கல் நிற்கிறது, சாந்து பாதி நிற்கிறது, வண்ணம் அதிலும் குறைவாக நிற்கிறது. எந்தப் பூச்சு எவ்வளவு காலம் நிற்கும், எது எதன்மேல் வரவேண்டும் என்ற கேள்விக்கு இந்த மாவட்டம் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகச் சான்று வைத்திருக்கிறது.

இன்று அதே கேள்வி சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் கார் வடிவில் ஓடுகிறது. காரை நன்றாகக் கழுவி, பெயிண்ட்மேல் முதலில் செயற்கை சீலன்ட் போட்டு, அது இறுகிய பின் அதன்மேல் வேக்ஸ் போடுவது தேவைதானா, அல்லது ஒரே வேலைக்கு இருமுறை காசு வாங்கும் தந்திரமா என்று வண்டி வைத்திருப்பவர்கள் கேட்கிறார்கள். இந்த வரிசைக்கு நியாயம் உண்டு என்பதே என் வாதம். அந்த நியாயம் விளம்பரங்களில் சொல்லப்படும் பளபளப்பில் இல்லை. கெட்டியாகப் பிடிக்கும் பூச்சு அடியில் இருக்கவேண்டும். அடியை வாங்கித் தேய்ந்துபோகும் பூச்சு மேலே இருக்கவேண்டும். மேலே உள்ளதைக் கீழே உள்ளதற்குச் சேதமில்லாமல் நீக்கிப் புதுப்பிக்க முடியவேண்டும். மேற்பரப்பைக் காக்கும் தொழில்கள் எல்லாமே நீண்ட அனுபவத்தில் கண்டுகொண்ட விதி இது. கார்த் தொழில் இதைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை.

தமிழ்நாட்டுக் கோயில் வழக்கமே இதற்கு முதல் சான்று. கருவறையில் கல் திருமேனியைப் பீடத்தோடு பொருத்தும் இடத்தில் அஷ்டபந்தனம் சாத்துகிறார்கள். கொம்பரக்கு, சுக்கான், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டையும் இடித்து இளக்கிச் செய்யும் பசை அது. அபிஷேக நீர் இடுக்கில் இறங்காமல் தடுப்பது அதன் வேலை. மெழுகும் பிசினும் சேர்ந்த சீலன்ட் என்றே அதைச் சொல்லலாம். மயிலத்திலோ திருவக்கரையிலோ திருப்பணி நடக்கும்போது கவனித்தால் ஒன்று புரியும்: இந்தப் பசை என்றென்றும் நிற்கும் என்று யாரும் நினைப்பதில்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்ற வழக்கத்தில் பழைய அஷ்டபந்தன மருந்தை எடுத்துவிட்டுப் புதியதைச் சாத்துவதும் ஒரு பகுதி. கோபுரத்துச் சுதை உருவங்களுக்கு வண்ணம் பூசுவதும் அப்போதுதான். கல் மாறுவதில்லை, மருந்தும் வண்ணமும் மாறுகின்றன. தைப்பொங்கலுக்கு முன் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்த வழக்கமும் இதே கணக்குத்தான். மழையும் புகையும் அந்த வெள்ளையைத் தின்னட்டும், சுவர்ச் சாந்தைத் தொடவேண்டாம் என்ற கணக்கு.

இந்த விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு அஜந்தா பாடம். நிஜாம் அரசு 1920-இல் செக்கோனி, ஒர்சினி என்ற இரண்டு இத்தாலிய வல்லுநர்களை வரவழைத்து அங்குள்ள ஓவியங்களைப் பாதுகாக்கச் சொன்னது. உதிரும் சாந்தை ஒட்டவைப்பதில் அவர்கள் செய்த பணி பெரியது. ஆனால் ஓவியங்களின்மேல் பூசிய அரக்கு வார்னிஷ் காலப்போக்கில் மஞ்சளாகி, பழுப்பாகி, வண்ணங்களையே மறைத்தது. அதை நீக்குவதற்குத் தொல்லியல் துறை வேதியியலாளர்கள் பிற்காலத்தில் நெடுநாள் பாடுபடவேண்டியிருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் நடந்தது இதற்கு நேர்மாறு. பழைய தென்னாற்காடு மாவட்டத்தின் சிதம்பரத்தில் இருந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி, 1931-இல் அங்கே நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதைக் கண்டார். மேலிருந்த சாந்துப் படலத்தைச் சேதமில்லாமல் பெயர்த்தெடுக்கும் முறையைத் தொல்லியல் துறை பின்னாளில் கையாண்டதால் இரண்டு காலத்து ஓவியங்களும் பிழைத்தன. அஜந்தாவின் மேற்பூச்சு பிரிய மறுத்தது. தஞ்சையின் மேற்பூச்சு பிரிந்து வந்தது. பூச்சின் தரத்தை அது எவ்வளவு கெட்டியாக ஒட்டுகிறது என்பதை வைத்து மட்டும் அளக்கக்கூடாது என்பதை இந்த இரண்டும் சேர்ந்து சொல்கின்றன.

வண்டித் தொழிலும் இதே பாதையில்தான் வந்தது. 1840-இல் சென்னையில் தொடங்கிய சிம்சன் நிறுவனம் குதிரை வண்டிகள் கட்டியே பெயர் பெற்றது. 1903-இல் நீராவிக் கார் ஒன்றையும் கட்டியது. கோச்சு வண்டிகளுக்கு எண்ணெய் வண்ணத்தைப் பல கை பூசி, ஒவ்வொரு முறையும் தேய்த்துச் சமப்படுத்தி, கடைசியில் வார்னிஷ் அடிப்பது அக்கால முறை. அது காய வாரக்கணக்கில் ஆகும். வார்னிஷ் மங்கினால் அதை மட்டும் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடிப்பார்கள், வண்ணத்தைத் தொடமாட்டார்கள். 1920-களில் அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனம் டூக்கோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டைக் கார்களுக்குக் கொண்டுவந்தபோது காயும் நேரம் வாரங்களிலிருந்து மணிகளாகக் குறைந்தது. கார் உற்பத்தியின் வேகமே மாறியது. ஆனால் அந்தப் பெயிண்டுக்கு மேலே வார்னிஷ் காப்பு இல்லை. வெயில் நேரடியாக வண்ணத்தில் விழுந்து, மேல்தோல் சுண்ணாம்புபோல் வெளுத்தது. காம்பவுண்ட் போட்டு அந்த வெளுப்பைத் தேய்த்து எடுத்து, மேலே மெழுகு பூசும் பழக்கம் அதனால்தான் உலகெங்கும் வேர்விட்டது. நம் டிங்கரிங் பட்டறைகளில் ‘என்.சி. பெயிண்ட்’ என்று வழங்கியது இந்த வகையே. வண்டலூர் பக்கம் ஜி.எஸ்.டி. சாலையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் உருவான 1960-களில், வேக்ஸ் பாலிஷ் என்பது ஆடம்பரம் அன்று, பெயிண்டின் ஆயுள்.

அந்தக் காலம் முடிந்துவிட்டதே என்று ஒருவர் கேட்கலாம். முடிந்துதான் விட்டது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோவும், 1999-இல் மறைமலை நகரில் ஃபோர்டு இக்கானும் வெளிவரத் தொடங்கிய காலத்தில் தொழிற்சாலைப் பெயிண்டின் அமைப்பே வேறாகிவிட்டிருந்தது. துருவைத் தடுக்க மின்முறையில் படியவைக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக, சூளையில் சுட்டு இறுக்கப்பட்ட அமைப்பு அது. பழைய கோச்சு வார்னிஷின் வேலையை இன்று செய்வது கிளியர் கோட்தான். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வார்னிஷை மறுபடி அடிக்கலாம். கிளியர் கோட்டை அப்படிப் புதுப்பிப்பதென்றால் பட்டறைக்கே விட்டாகவேண்டும். அதன் கனமோ ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். ஒவ்வொரு முறை பாலிஷ் போடும்போதும் அதில் கொஞ்சம் குறைகிறது. ஆகவே தேய்ந்துபோவதற்கென்று ஒரு படலம் அதற்கு மேலே தேவைப்படுகிறது. சீலன்டும் வேக்சும் இங்கேதான் வருகின்றன.

சீலன்ட் என்பது செயற்கைப் பாலிமர். அது சுத்தமான பெயிண்டை நேரடியாகத் தொட்டால்தான் பிடிக்கும். இறுகுவதற்குப் பல மணி நேரம், சிலவற்றுக்கு ஒரு முழுநாள் ஆகும். வேக்சில் முதன்மையானது கார்னௌபா, வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து எடுப்பது. அது எதோடும் வேதிமுறையில் பிணைவதில்லை, மேலே படிந்து கிடக்கிறது. வேக்சை முதலில் போட்டுவிட்டால் அதன் எண்ணெய்ப் பசை சீலன்டைப் பெயிண்டிடம் அண்டவிடாது. வேக்ஸ் போகும்போது சீலன்டும் சேர்ந்து போகும். சீலன்டை முதலில் போட்டு இறுகவிட்டு, பிறகு வேக்ஸ் போட்டால் வேக்ஸ் மட்டும் தேயும். வரிசைக்கு உள்ள நியாயம் இவ்வளவுதான்.

இதற்கு மூன்று மறுப்புகள் வரும். முதலாவது, வெயில். சித்திரை வைகாசியில் விழுப்புரம் வெயிலில் நிற்கும் கறுப்புக் காரின் கூரை கைவைக்க முடியாதபடி கொதிக்கும். மெழுகு அங்கே எப்படி நிற்கும்? தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியசில் உருகும். கார்னௌபா 82 டிகிரிக்கு மேல்தான் உருகும், ஆனால் கடையில் விற்கும் டப்பாவில் கரைப்பானும் மென்மையான மெழுகும் கலந்திருப்பதால் அதுவும் நம் ஊரில் சீக்கிரமே போய்விடும். இந்த மறுப்பு வேக்சை மட்டும் நம்பியிருப்பதற்கு எதிரானது. அடியில் சீலன்ட் வேண்டும் என்பதற்கு அதுவே ஆதாரமாகிறது. இரண்டாவது, சீலன்ட் மட்டும் போதாதா என்பது. நிழலில் நிறுத்தி, நல்ல தண்ணீரில் கழுவப்படும் வண்டிக்குப் போதும். ஆனால் மரக்காணம் உப்பளத்துக் காற்றும், ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரும், கல் குவாரிப் புழுதியும், புளியமரத்தடியில் விழும் பறவை எச்சமும் சேரும் திண்டிவனம் வட்டாரத்தில் கறை முதலில் எதில் படிகிறது என்பது முக்கியம். வேக்சில் படிந்த உப்புக்கறை பெரும்பாலும் வேக்சோடு போகும். சீலன்டிலோ கிளியர் கோட்டிலோ படிந்தால் பாலிஷ் போட்டுத்தான் எடுக்கவேண்டும். மூன்றாவது மறுப்பு, ஒரே பூச்சில் பல ஆண்டு காப்பு என்று விற்கப்படும் டெஃப்லான், செராமிக் வகைகளைப் பற்றியது. டெஃப்லான் எனப்படும் பாலிமர் உருகிப் படிய 327 டிகிரி வெப்பம் வேண்டும். அந்தச் சூட்டில் காரின் பெயிண்டே மிஞ்சாது. ஆகவே தோசைக்கல்லில் பிடிப்பதுபோல் அது காரில் பிடிக்க வழியில்லை. செராமிக் உண்மையிலேயே கெட்டியாகப் பிடிக்கும். ஆனால் கறைபட்டால் அதையும் தேய்த்துத்தான் எடுக்கவேண்டியிருக்கும். பிடிப்பை மட்டும் பார்த்து வாங்குபவர் அஜந்தா வார்னிஷை நினைவில் வைப்பது நல்லது.

கோயில் சுவரையும் கார் பானெட்டையும் ஒரே தட்டில் வைப்பதா என்றும் சிலர் கேட்கலாம். பொருள்கள் வேறு, வேதியியல் வேறு என்பதில் ஐயமில்லை. பூச்சுகளுக்கிடையே உள்ள உறவு மட்டுமே ஒன்று. படிக்காதவர்களும் அந்த உறவை அறிந்திருந்தார்கள் என்பதற்கு நம் லாரி, பேருந்துகளே சாட்சி. 1975-இல் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் தொடங்கியது. வண்டியைத் தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) கொண்டுபோகுமுன் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிப்பது அரசுப் பேருந்துக்கும் தனியார் லாரிக்கும் வழக்கமானது. வண்டி எஃப்.சி.க்கு நிற்கிறது என்றால் அதற்குள் புதுப் பெயிண்டும் அடங்கும். மேற்பூச்சுக்குக் கெடு வைத்து, கெடு வந்ததும் புதுப்பித்தார்கள்.

ஆகவே சீலன்டின்மேல் வேக்ஸ் என்ற வரிசை சரியானது, ஒரு நிபந்தனையோடு: இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேக்சைப் புதுப்பிக்க மனமிருக்கவேண்டும். மனமில்லையென்றால் சீலன்டோடு நிறுத்திக்கொள்ளலாம், பணம் மிச்சம். எந்தப் பூச்சை வாங்கினாலும், எத்தனை ஆண்டு நிற்கும் என்று மட்டும் கேட்காதீர்கள். கெட்டுப்போனால் எப்படி எடுப்பீர்கள் என்றும் கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் சொல்ல முடியாத கடையில் வண்டியை விடாதீர்கள்.