ஹெக்ட் நிறுவனக் கிடங்கு

ஹெக்ட் நிறுவனக் கிடங்கு, அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் வடகிழக்கில், ஐவி சிட்டி பகுதியில் நியூயார்க் அவென்யூவில் உள்ள வரலாற்றுச் சிறப்புமிக்க கட்டடம். ஹெக்ட் பல்பொருள் அங்காடியின் சரக்குகளை இருப்பு வைக்கவும் வாடிக்கையாளர் வீடுகளுக்கு அனுப்பவும் 1937இல் கட்டப்பட்டது. கண்ணாடிச் செங்கற்களைத் தாராளமாகப் பயன்படுத்திய ‘ஸ்ட்ரீம்லைன் மாடர்ன்’ பாணிக் கட்டடங்களுள் பெயர்பெற்றது.

பின்னணி

சாமுவேல் ஹெக்ட் 1857இல் பால்டிமோரில் தொடங்கிய மரச்சாமான் வணிகமே இந்நிறுவனத்தின் தொடக்கம். 1896இல் வாஷிங்டனில் கடை திறக்கப்பட்டது; 1925இல் ஏழாம் தெருவும் எஃப் தெருவும் சந்திக்கும் இடத்தில் பெரிய அங்காடி எழுந்தது. அக்காலத்தில் பலர் டிராம் ஏறித்தான் கடைத்தெருவுக்கு வந்தார்கள். கட்டிலையும் அலமாரியையும் அதில் கொண்டுபோக முடியாது. வாங்கிய பொருளை வீட்டில் சேர்ப்பது கடையின் பொறுப்பாயிற்று. இருப்பையும் அனுப்பும் வேலையையும் நிலவிலை மிகுந்த கடைத்தெருவில் வைத்துக்கொள்வது கட்டுப்படியாகாததால், ரயில் பாதைக்கும் நெடுஞ்சாலைக்கும் அருகே தனிக் கட்டடம் தேவைப்பட்டது.

வடிவமைப்பு

நியூயார்க்கின் அபட், மெர்க்ட் நிறுவனத்தைச் சேர்ந்த பொறியாளர் கில்பர்ட் வி. ஸ்டீல் இதை வடிவமைத்தார். அதே நிறுவனம் 1930களின் இறுதியில், போட்டி அங்காடியான உட்வர்டு அண்டு லாத்ரப்புக்கும் இதே நகரில் சேவைக் கிடங்கு ஒன்றை அமைத்துக் கொடுத்தது.

ஜன்னல் வரிசைக்குப் பதிலாக, கண்ணாடிச் செங்கல் பட்டைகள் வெளிர்நிறச் செங்கல் சுவரினூடே கிடைமட்டமாக ஓடி, வளைந்த மூலையைச் சுற்றித் திரும்புகின்றன. உள்ளீடற்ற இந்தச் செங்கற்கள் வெளிச்சத்தை உள்ளே விட்டன. தூசியையும் வெப்பத்தையும் ஓரளவு தடுத்தன. துணியும் மரச்சாமானும் அடுக்கிவைக்கும் இடத்துக்கு இது பொருத்தமாக இருந்தது. மூலையின் உச்சியில், பன்னிரு முனை நட்சத்திர வடிவில் கண்ணாடிக் கூண்டு ஒன்று உண்டு. இரவில் உள்ளே விளக்கேற்றியதும் சாலையில் வருவோர் கண்ணில் அது தொலைவிலேயே படும். வாடிக்கையாளர் காலடி வைக்காத கட்டடம் இப்படி நகர நுழைவாயிலில் கடையின் விளம்பரமாகவும் ஆனது.

பிற்கால வரலாறு

1947இல் ஹெக்ட், புறநகரான சில்வர் ஸ்பிரிங்கில் கிளை திறந்தது. சொந்தக் கார் பெருகி, வாங்கியதை மக்களே எடுத்துச் செல்லத் தொடங்கிய பிறகும் கிடங்கு தேவைப்பட்டது. 1948இலும் 1961இலும் அது விரிவாக்கப்பட்டது. 1959இல் ஹெக்ட், மே பல்பொருள் அங்காடிக் குழுமத்துடன் இணைந்தது. அக்குழுமத்தை ஃபெடரேட்டட் நிறுவனம் 2005இல் வாங்கியது. மறு ஆண்டே ஹெக்ட் கடைகள் மேசிஸ் என்று பெயர் மாறின.

பாதுகாப்பும் மறுபயன்பாடும்

கட்டடம் 1983இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்றிடப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. 2010களில் டக்ளஸ் டெவலப்மென்ட் நிறுவனம் இதைப் புதுப்பித்து, 300க்கும் மேற்பட்ட அடுக்ககக் குடியிருப்புகளாகவும் தரைத்தளக் கடைகளாகவும் மாற்றியது. கண்ணாடிச் செங்கல் முகப்பும் நட்சத்திரக் கூண்டும் தக்கவைக்கப்பட்டன. சுற்றியுள்ள வளாகம் இன்றும் ஹெக்ட் பெயராலேயே அறியப்படுகிறது.