புறக்காழும் வில்லும்

வைகைச் சமவெளியில், திண்டுக்கல் வட்டாரத்தை அடுத்துத் தேனி மாவட்டத்தில் உள்ள சிற்றூர் புலிமான்கோம்பை. 2006-இல் அங்கே நடுகற்கள் கண்டறியப்பட்டபோது அறிஞர் கவனம் முழுதும் அவற்றின் தமிழ்பிராமி எழுத்தின்மேல் சென்றது, அது இயல்பே. அவற்றுள் ஒன்று 'ஆகோள்' பற்றிப் பேசுகிறது. ஆநிரை கவர்தலை வில்லேந்திய பூசலாகவே சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. கல் நிலைத்தது, வில் மண்ணாயிற்று. அந்த வில்லை எதனால், எவ்வாறு செய்திருப்பார்கள்?

மண் விடை தராத இடத்தில் மொழி சிறிது தருகிறது. 'சிலை' என்னும் சொல் வில்லையும் குறிக்கும். வில் செய்ய உதவிய ஒரு மரத்தையும் குறிக்கும். அர்த்தசாஸ்திரம் பனை, மூங்கில், மரம், கொம்பு என வில்லுக்கு நான்கு மூலப்பொருள்களைச் சொல்கிறது. நாணுக்கான நார்களில் எருக்கையும் சேர்க்கிறது. பனையும் எருக்கும் திண்டுக்கல் வறள்நிலத்துக்குப் புதியவை அல்ல.

புறத்தே வைரம் உடையது புல், அகத்தே வைரம் உடையது மரம் என்று தொல்காப்பிய மரபியல் பகுக்கும். மூங்கிலும் பனையும் புறக்காழ். இதை நாம் இலக்கணமாக மட்டுமே படித்தோம். வில் செய்பவனின் கண்கொண்டு பாருங்கள். வில்லை வளைக்கும்போது அதன் வெளிமுகம் இழுபடும். எய்பவனை நோக்கிய உள்முகம் நெருக்குண்ணும். எனவே வெளிமுகத்தில் நார் ஓரிடத்தும் அறுபடலாகாது. முற்றிய மூங்கிலை நாரோட்டத்தின் வழியே பிளந்து, நிழலில் உலர்த்தி, புறத்தோலைத் தொடாமல் உட்பக்கத்தை மட்டுமே சீவவேண்டும். அவசரப்பட்டு வெளிப்புறக் கணுவைச் செதுக்கினால் வில் அங்கேயே முறியும். பனையிலும் வெளிப்புறக் கருவைரமே பயன்படும். நடுவிலுள்ள சோறு உதவாது.

அகக்காழ் மரத்துக்கு முறை வேறு. 1545-இல் மூழ்கிய ஆங்கிலேயக் கப்பலான மேரி ரோஸிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட யூ மர விற்கள் மீட்கப்பட்டன. அவ்வகை வில்லில் இழுபடும் வெளிமுகம் வெளிறு, நெருக்குண்ணும் உள்முகம் வைரம். நாம் 'வெளிறு' என்று இகழ்ந்து ஒதுக்கும் பகுதியே அங்கே வில்லைக் காக்கிறது. பச்சை மரத்தைப் பிளந்தவுடன் முனைகளில் மெழுகோ பிசினோ பூசவேண்டும். இல்லையெனில் முனைகள் முந்தி உலர்ந்து வெடிக்கும்.

தொல்காப்பியர் வில் செய்வோரைக் கேட்டு எழுதினார் என்பதற்குச் சான்றில்லை. ஆனால் வலிமை உள்ளேயா வெளியேயா என்ற கேள்வி, மரத்தைப் பிளந்தும் சீவியும் பழகிய கைகளுக்கே முதலில் எழும். அக்கைகள் செய்த விற்கள் மக்கிவிட்டன. அவற்றின் அறிவு ஒரு நூற்பாவில் தங்கியிருக்க, அதை நாம் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து மறந்தோம்.