வெற்றியை அளத்தல்: பலர் ஆடும் வரலாற்றுப் போர் விளையாட்டுகளில் புள்ளி முறை

முன்னுரை

இருவர் ஆடும் போர் விளையாட்டில் வெற்றியை அளப்பது எளிது. ஒருவர் வென்றால் மற்றவர் தோற்றவர். எவரும் வெல்லாவிடில் ஆட்டம் சமன். களத்தில் மூன்றாமவர் வந்து அமர்ந்தவுடன் இவ்வெளிமை குலைகிறது. இரண்டாம் இடத்துக்கு மதிப்பு உண்டா? இறுதிவரை பிழைத்திருந்த சிறு நாட்டுக்குக் கிடைக்க வேண்டியது என்ன? நேச நாட்டைக் கடைசி நேரத்தில் வஞ்சித்தவன் அதனால் எவ்வளவு பெறலாம்? இவ்வினாக்களுக்கு விதிகள் எண்களால் தரும் விடையே புள்ளி முறை. ஆட்டம் முடிந்தபின் செய்யப்படும் கணக்காகவே அது தோன்றும். ஆயினும் முதல் நகர்விலிருந்தே ஆடுவோரின் நடத்தையை ஆள்வது அதுவே. எதற்குப் புள்ளி உண்டோ அதையே ஆடுவோர் நாடுவர். எதற்கு இல்லையோ அது அவர்கள் கண்ணிற்படாது.

வரலாற்றைக் களமாகக் கொண்ட விளையாட்டில் புள்ளி முறை, கடந்தகாலப் போர்களில் எது வெற்றி எனக் கருதப்பட்டது என்பது பற்றிய ஒரு கூற்றாகவும் அமைகிறது. பதினோராம் நூற்றாண்டின் நால்வர் சதுரங்கம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரஷ்யப் போர் விளையாட்டு, இருபதாம் நூற்றாண்டின் டிப்ளமசி ஆகிய மூன்றின் வழியே அக்கூற்று எவ்வாறு உருவாகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது; புறத்திணை மரபு இச்சிக்கலுக்குத் தரும் வெளிச்சத்தையும் சுட்டுகிறது.

நால்வர் சதுரங்கமும் ஐம்பத்துநான்கு புள்ளியும்

பலர் ஆடும் போர் விளையாட்டுக்குக் கிடைக்கும் பழைய புள்ளிக் கணக்குகளுள் ஒன்று, ஏறத்தாழ 1030இல் அல்பிரூனி இந்தியாவைப் பற்றி எழுதிய அரபு நூலில் உள்ளது. நால்வர் பலகையின் நான்கு புறமும் அமர்ந்து, பகடை உருட்டி ஆடும் சதுரங்கத்தை அவர் அங்கு விவரிக்கிறார். அரசனுக்கு 5, யானைக்கு 4, குதிரைக்கு 3, தேருக்கு 2, காலாளுக்கு 1 என மதிப்பு வகுக்கப்பட்டுள்ளது. ஓர் அரசனைப் பிடித்தவர் 5 பெறுவார். இருவரைப் பிடித்தால் 10. மூவரையும் பிடித்தவர் தம் அரசனை இழந்திருந்தால் 15 மட்டுமே பெறுவார். தம் அரசனைக் காத்துக்கொண்டே மூவரையும் பிடித்தவருக்கோ 54.

இந்த 54 கணித விதியால் பெறப்பட்டதன்று, உடன்பாட்டால் ஏற்பட்டது என்பது அல்பிரூனியின் கருத்து. எனினும் ஒரு கணக்கு இங்குப் பொருந்திவருகிறது. ஒவ்வொருவரிடமும் அரசன், யானை, குதிரை, தேர் ஆகியவற்றுடன் நான்கு காலாட்கள் உண்டு. அவற்றின் கூட்டு மதிப்பு 18. மூன்று எதிரிப் படைகளின் மொத்த மதிப்பு 54. அதாவது, தன் அரசு நிலைத்திருக்க மூன்று அரசர்களையும் வென்றவன் மூன்று படைகளையும் முழுமையாகப் பெற்றவனாகவே மதிக்கப்படுகிறான் எனக் கொள்ள இடமுண்டு. தன் அரசனை இழந்து பெற்ற வெற்றிக்கும் காத்துப் பெற்ற வெற்றிக்கும் இடையே மும்மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு உள்ளது. அழித்தலைவிட நிலைத்தல் அரிது என்பதே இவ்வெண்கள் கூறும் அரசியல்.

பதினாறாம் நூற்றாண்டில் வங்கத்து இரகுநந்தனரின் திதிதத்துவத்தில் இடம்பெறும் நால்வர் சதுரங்கம் நட்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. எதிரெதிரே அமர்ந்த இருவர் நேசர். ஆயினும் நேசனின் அரியணையில் தன் அரசனை ஏற்றியவன் அவனது படையையும் ஆளும் உரிமை பெறுகிறான். நேசமும் நேசத்தை விழுங்கும் ஆசையும் ஒரே விதிக்குள் அடங்கிவிடுகின்றன. பலர் ஆடும் போர் விளையாட்டின் மையச் சிக்கல் இங்கேயே முழுவடிவம் பெற்றுவிட்டது எனலாம்.

புள்ளியின்றித் தீர்ப்பு

ஐரோப்பாவில் இச்சிக்கல் வேறு வழியில் அணுகப்பட்டது. பிரவுன்ஷ்வைக்கைச் சேர்ந்த கணித ஆசிரியர் ஹெல்விக் 1780இல் சதுரங்கத்தை விரித்துப் போர் விளையாட்டு ஒன்றை வெளியிட்டார். அதில் எதிரியின் கோட்டையைக் கைப்பற்றுவதே இலக்கு. 1824இல் இளைய ரைஸ்விட்ஸ் பிரஷ்யப் படையினருக்கு அறிமுகப்படுத்திய விளையாட்டில் கட்டங்கள் மறைந்தன; 1:8000 அளவிலான நிலப்படம் அவற்றின் இடத்தைப் பிடித்தது. இரு தரப்பிலும் பலர் பங்கேற்று எழுத்துக் கட்டளைகள் இட, சேதங்களைப் பகடையும் அட்டவணையும் கொண்டு நடுவர் கணக்கிட்டார். அன்றைய தலைமைத் தளபதி முஃப்ளிங் அதனைப் படைப்பிரிவுகளுக்குப் பரிந்துரைத்தார்.

அதில் இழப்புகள் எண்ணப்பட்டன. ஆனால் வெற்றி எண்ணால் அறிவிக்கப்படவில்லை. ஆட்டத்தின் பின் நடுவர் இரு தரப்பின் முடிவுகளையும் விமரிசிப்பதே பயனாகக் கருதப்பட்டது. 1876இல் வெர்டி து வெர்னுவா அட்டவணைகளையும் பெரும்பாலும் விலக்கி, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பையே முதன்மைப்படுத்தினார். பயிற்சிக்கு இது போதுமானது. ஆனால் நடுவரின் அறிவு எவ்வளவோ அவ்வளவே தீர்ப்பின் தரமும் அமையும். அந்நியர்கள் கூடிப் போட்டியிடும் களத்தில் அத்தகைய தீர்ப்பை அனைவரும் ஏற்கச் செய்வது கடினம். அங்கே எண்கள் மீண்டும் தேவைப்பட்டன.

டிப்ளமசியும் மூவகைக் கணக்கும்

ஹார்வர்டில் பயின்ற ஆலன் கால்ஹமர் 1954இல் உருவாக்கி, 1959இல் தம் செலவில் 500 படிகள் வெளியிட்ட விளையாட்டு டிப்ளமசி. 1901ஆம் ஆண்டின் ஐரோப்பாவே களம். ஆஸ்திரியா-ஹங்கேரி, இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ரஷ்யா, துருக்கி என ஏழு வல்லரசுகள் மோதுகின்றன. பகடை இல்லை. ஆடுவோர் தமக்குள் பேசி உடன்பாடு கண்டபின், மறைவாக எழுதிய கட்டளைகள் ஒரே நேரத்தில் வெளிப்படுத்தப்படுகின்றன. படத்திலுள்ள 34 வழங்கல் மையங்களில் 18ஐப் பிடித்தவர் தனி வெற்றி பெறுவார். எவரும் அதனை எட்டாவிடில், பிழைத்திருப்போர் சமமாகப் பகிர்ந்துகொள்வர் என்பது அடிப்படை விதி.

நண்பர்கள் கூடி ஆடும் ஒரே ஆட்டத்துக்கு இவ்விதி போதும். பல மேசைகளில் ஆடும் போட்டிகளில் தனி வெற்றி அரிதாகவே, எட்டப்படாத முடிவுகளை ஒப்பிடும் தேவை எழுந்தது. அதன் விளைவாகப் பல புள்ளி முறைகள் தோன்றின. அவற்றுள் மூன்றை ஓர் எடுத்துக்காட்டால் ஒப்பிடலாம். ஆட்ட முடிவில் நான்கு நாடுகள் முறையே 14, 10, 6, 4 மையங்களுடன் நிற்கின்றன. மூன்று நாடுகள் அழிந்துவிட்டன எனக் கொள்வோம். மொத்தப் புள்ளி 100.

சமப் பகிர்வு முறையில் நால்வருக்கும் 25 வீதம் கிடைக்கும். வர்க்கக் கூட்டல் முறையில் ஒவ்வொருவரது மைய எண்ணிக்கையின் வர்க்கமும் வர்க்கங்களின் மொத்தமான 348ஆல் வகுக்கப்படும். அப்போது முறையே 56.3, 28.7, 10.3, 4.6 என வரும். பிரான்சில் வழங்கிய சி-டிப்ளோ முறையில் ஆடிய எழுவருக்கும் தலா 1, மையம் ஒன்றுக்கு 1, முதல் மூன்று இடங்களுக்கு 38, 14, 7 எனப் புள்ளிகள் உண்டு. அதன்படி 53, 25, 14, 5 கிடைக்கும். அழிந்தோருக்குத் தலா 1.

களம் ஒன்றே, முடிவும் ஒன்றே. ஆனால் மூன்று முறைகளும் மூன்று வெவ்வேறு போர்களை விளைவிக்கின்றன. சமப் பகிர்வில் முதல் மூவரும் சேர்ந்து நான்காம் நாட்டை அழித்தால் அவர்கள் பங்கு 25இலிருந்து 33.3ஆக உயரும். சிறு நாட்டை ஒழிப்பதே பெரு நாடுகளின் பொது நலனாகிவிடுகிறது. வர்க்கக் கூட்டலில் மேலோங்கியவன் மேலும் ஓங்குவதற்கு ஊக்கம் மிகுதி. ஆகவே அவனை மற்றவர் கூடித் தடுப்பதற்கும் காரணம் மிகுதி. சி-டிப்ளோவில் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையிலுள்ள 24 புள்ளி, ஒரே ஒரு மையத்தால் கைமாறக்கூடியது. குறித்த ஆண்டுடன் ஆட்டம் நிறுத்தப்படுமாயின், இறுதிப் பருவத்தில் நேசரை வஞ்சிக்கத் தடை ஏதுமில்லை. பழிவாங்க அடுத்த ஆண்டு இராது. எந்த அரசும் தன் கடைசி ஆண்டு இதுவென அறிந்து போரிட்டதில்லை என்பது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது.

கால்ஹமரின் சிந்தனைக்கு ஊற்றாக அமைந்தவற்றுள் ஒன்று வியன்னா மாநாட்டுக்குப் பிந்தைய வல்லரசுச் சமநிலை. அம்மாநாட்டில் தோல்வியுற்ற பிரான்ஸ் துடைத்தழிக்கப்படவில்லை. 1815 ஜனவரி 3இல் பிரிட்டனும் ஆஸ்திரியாவும் ரஷ்யாவுக்கும் பிரஷ்யாவுக்கும் எதிராக அதே பிரான்சுடன் மறை உடன்படிக்கை செய்தன. தோற்ற நாடு நிலைத்திருப்பது வென்ற நாடுகளுக்கே பயன்தந்த தருணம் அது. பிழைத்திருப்போரின் எண்ணிக்கையைக் குறைக்கத் தூண்டும் சமப் பகிர்வு முறை அத்தருணத்தை விளக்க வல்லதன்று. சமத்துவத்தின் பெயரால் அமைந்த விதியே அழிவுக்குத் துணைபோவது எண்ணத்தக்க முரண்.

புறத்திணை தரும் வெளிச்சம்

சங்கப் பாடல்கள் விளையாட்டு விதிகள் அல்ல. எனினும் வெற்றியை எவ்வாறு மதிப்பது என்பதில் அவை ஆழ்ந்த கவனம் செலுத்தின. தொல்காப்பியம் போரை ஆநிரை கவர்தலான வெட்சி, மண் கருதிய படையெடுப்பான வஞ்சி, முற்றுகையான உழிஞை, வலிமை காட்டும் போரான தும்பை என நோக்கத்தால் பிரிக்கிறது. நோக்கம் வேறாயின் வெற்றியின் அளவுகோலும் வேறு என்பது இப்பகுப்பின் உட்கிடை. மேலும், வாகை படைவெற்றியோடு நில்லாமல் ஒவ்வொருவரும் தத்தம் துறையில் மேம்படுதலையும் உள்ளடக்குகிறது.

வெண்ணிப் போரில் கரிகாலன் வென்றான். முதுகில் புண்பட்ட சேரன் நாணி வடக்கிருந்தான். வென்றவனை முன்னிலைப்படுத்திப் பாடிய வெண்ணிக் குயத்தியார், தோற்றவன் உன்னினும் நல்லன் அல்லனோ என்ற பொருள்பட வினவினார். களத்தின் கணக்கும் புகழின் கணக்கும் ஒன்றல்ல என்பதை வென்றவன் முகத்தெதிரே கூறிய புலமை அது. உறையூர் முற்றுகையில் நலங்கிள்ளியையும் நெடுங்கிள்ளியையும் நோக்கிக் கோவூர் கிழார், இருவரும் வெல்வது இயலாது, எவர் தோற்பினும் தோற்பது உங்கள் குடியே என்றார். ஆடுவோரைத் தனித்தனியே மதிப்பிடும் எந்த அட்டவணையிலும் இவ்விழப்பு பதிவாகாது.

முடிவுரை

இக்கேள்விகள் ஏட்டளவில் நிற்பவை அல்ல. 2022இல் வெளியான ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் கணினி விளையாட்டின் விரிவாக்கத்தில் இராசேந்திர சோழனின் படையெடுப்புகள் இடம்பெற்றன. தமிழகத்துக்கு வெளியே வளரும் தமிழ்ச் சிறார் சிலர் அம்மன்னனை முதன்முதலில் சந்திப்பது பாடநூலிலன்றித் திரையிலேயாகலாம். அவ்விளையாட்டின் புள்ளிப் பட்டியல் படை, பொருளாதாரம், தொழில்நுட்பம், சமுதாயம் என நான்காகப் பிரிந்திருப்பது வரவேற்கத்தக்கது. ஆயினும் அழித்த எதிரிப் படைக்கும் இடித்த கட்டடத்துக்கும் புள்ளி உண்டு. அவற்றிடையே வாழ்ந்தோருக்கு இல்லை.

புள்ளி முறை வகுப்போர் மூன்று வினாக்களுக்கு வெளிப்படையாக விடையளிக்க வேண்டும். அந்தப் போரில் ஈடுபட்டோர் எதனை வெற்றி எனக் கருதினர்? சிறியோர் பிழைத்திருப்பது பெரியோருக்கு ஆதாயமா, சுமையா? எவருடைய இழப்பு எண்ணப்படாமல் விடப்படுகிறது? மூன்றாம் வினாவைத் தவிர்க்கும் முறை கணக்கில் துல்லியமாக இருக்கலாம், வரலாற்றில் இராது.

கங்கை வரை சென்ற படையெடுப்பின் நினைவாக இராசேந்திரன் வெட்டுவித்த சோழகங்கம் ஏரியை நீராலான வெற்றித்தூண் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு சிறப்பிக்கிறது. கொன்ற எண்ணிக்கையைக் கல்லில் பொறிக்க முடிந்த ஓர் அரசு, தன் வெற்றியைத் தேக்கிய நீராலும் அளக்க விரும்பியது. போரைக் குறித்த விளையாட்டுகளை இனி வடிவமைப்போர்க்கு அந்த ஏரியும் ஓர் அளவுகோலாகலாம்.