ஆவரேஜ்

கிரிக்கெட்டிலும் மதிப்பெண் பட்டியலிலும் அடிபடும் 'ஆவரேஜ்' கடலில் பிறந்த சொல். பழுதைக் குறிக்கும் அரபுச் சொல்லான 'அவார்' இத்தாலியத் துறைமுகங்களில் 'அவாரியா'வாகிச் சரக்குச் சேதத்தைக் குறித்தது. சேதத்தைப் பலரும் பங்கிட்டுச் சுமந்ததால், 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் 'சராசரி' என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது.

கப்பல் தொழிலில் பழைய பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது. ஒரு கப்பல், அதன் சரக்கு எல்லாம் சேர்ந்து 100 கோடி பெறும் என்று வையுங்கள். அதைக் காப்பாற்ற ஒருவருடைய 5 கோடிச் சரக்கைக் கடலில் தள்ளுகிறார்கள். கப்பல்காரர் உட்பட எல்லோரும் அவரவர் மதிப்பில் நூற்றுக்கு ஐந்து தர வேண்டும். சரக்கை இழந்தவருக்கும் அதே பங்குதான் நட்டம். இதற்கு 'ஜெனரல் ஆவரேஜ்' என்று பெயர். பேரரசர் ஜஸ்டினியன் தொகுத்த ரோமச் சட்டத்திலேயே இது ரோட்ஸ் தீவின் வழக்காகக் குறிக்கப்பட்டிருக்கிறது.

2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் 'எவர் கிவன்' கப்பல் தரைதட்டியபோதும் அதன் உரிமையாளர் 'ஜெனரல் ஆவரேஜ்' அறிவித்தார். இந்நிலையில் ஒருவருடைய சரக்குப் பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தாலும், பங்குத்தொகைக்கு உத்தரவாதம் தராமல் கைக்குக் கிடைக்காது. காப்பீடு இருந்தால் அதைக் காப்பீட்டு நிறுவனம் தந்துவிடும். இல்லாதவர் ரொக்கமாகக் கட்ட வேண்டும்.

காப்பீடு எடுக்காமல் மிச்சம் பிடிப்பவர்கள் கவனிக்க: ஏ, பி, சி என்ற மூன்று வகைச் சரக்குக் காப்பீட்டில் மலிவான சி வகையிலும் இந்தப் பங்கு அடக்கம்.