அமெரிக்க நிறவெறிப் பழம்பொருள்கள்: கடைத்தட்டிலிருந்து இணைய ஏலம்வரை

வார்ப்பிரும்பில் செய்த மார்பளவு உருவம். கரிய முகம், தடித்துச் சிவந்த உதடுகள், சிவப்புச் சட்டை. நீட்டிய கையில் காசை வைத்து முதுகுப்பக்க விசையை அழுத்தினால், கை மேலேறிக் காசை வாய்க்குள் போடும், கண்கள் செருகிக்கொள்ளும். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரிலிருந்த ஷெப்பர்ட் ஹார்டுவேர் நிறுவனம் 1880களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்று விற்ற உண்டியல் இது. கறுப்பின மக்களை இழிக்கும் வசைச்சொல் அதன் பெயரிலேயே இருந்தது. பிள்ளைகளுக்குச் சேமிப்பைப் பழக்க வாங்கித் தந்த பொம்மை, கறுப்பின மனிதனை விளையாட்டுப் பொருளாகப் பார்க்கவும் சேர்த்தே பழக்கியது.

இன்று ‘பிளாக் அமெரிக்கானா’ என்ற பெயரில் புழங்கும் பழம்பொருள் வணிகத்தின் தொடக்கத்தில் நிற்பவை இத்தகைய பொருள்களே. அவை அடிமைமுறை நிலவிய காலத்தில் பெருகியவை அல்ல என்பதை முதலில் கவனிக்க வேண்டும். அடிமைமுறை 1865இல் சட்டப்படி ஒழிந்தது. 1877இல் தென்மாநிலங்களிலிருந்து கூட்டரசுப் படைகள் விலகின. அதன்பிறகு வெள்ளையர் ஆதிக்கம் மெல்ல மெல்லச் சட்டவடிவம் பெற்று, 1896இல் பிளெஸ்ஸி எதிர் ஃபெர்குசன் வழக்கில் உச்ச நீதிமன்றமே இனப்பிரிவினைக்கு ஒப்புதல் தந்தது. இந்த உண்டியல்களும் விளம்பர அட்டைகளும் வீடுவீடாக நுழைந்தது அந்த ஆண்டுகளில்தான். வரலாற்றாசிரியர் கென்னத் கோயிங்ஸ் 1994இல் வெளியிட்ட தம் நூலில் இந்த உறவை விரிவாகக் காட்டியிருக்கிறார். விடுதலை பெற்றவர்களை அன்றாடப் பொருள்களின் வழியே மீண்டும் கீழே இறக்கும் வேலை நடந்தது என்பதே அவர் ஆய்விலிருந்து நான் பெறும் முடிவு.

சமையலறைக்கு வந்தது ‘மேமி’ என்ற கறுப்பினப் பணிப்பெண்ணின் கேலியுருவம். பருத்த உடல், தலையில் கட்டிய துணி, எந்நேரமும் சிரித்த முகம். வெள்ளையர் முகத்தில் கரி பூசி ஆடிய மின்ஸ்ட்ரல் கேளிக்கையின் பாட்டொன்றிலிருந்து 1889இல் மிசௌரி மாநிலத்து மாவு வணிகர்கள் தங்கள் பணியார மாவுக்கு எடுத்த பெயர் ‘ஆன்ட் ஜெமைமா’. அந்தக் கதாபாத்திரத்துக்கு முதலில் முகம் தந்தவர் நான்சி கிரீன். கென்டக்கியில் அடிமையாகப் பிறந்தவர். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அடுப்பருகே நின்று பணியாரம் சுட்டுக் கதை சொன்னார். பின்னாளில் மேமி உருவம் உப்புக்குப்பியானது, ஒஹையோவின் மெக்காய் மண்பாண்டத் தொழிலகத்தில் பிஸ்கட் ஜாடியானது, குறிப்பேடு மாட்டும் பலகையானது. வீட்டில் கறுப்பினப் பணிப்பெண்ணை வைத்துக்கொள்ள வசதியில்லாத குடும்பமும் சில்லறைக் காசுக்கு ஒரு பீங்கான் பணிப்பெண்ணை வாங்கிவிடலாம். இந்தப் பொருள்களின் கொடுமை இந்த மலிவில்தான் இருக்கிறது.

குடிமை உரிமைப் போராட்டத்துக்கும் 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்துக்கும் பிறகு இவை வெளிப்படையாகக் கடைத்தட்டில் நிற்க முடியவில்லை. பரணுக்குப் போயின, பரணிலிருந்து பழம்பொருள் சந்தைக்கு வந்தன. அங்கே வாங்கியவர்களில் கறுப்பினத்தவரும் இருந்தனர். கலைஞர் பெட்டி சார் 1972இல் ஒரு மேமி பொம்மையை எடுத்து, ஒரு கையில் துடைப்பத்தை இருக்கவிட்டு, மறுகையில் துப்பாக்கி தந்து கலைப்படைப்பாக்கினார். அதே காலத்தில் அலபாமாவின் மோபில் நகரில் டேவிட் பில்கிரிம் என்ற சிறுவன் சந்தையில் இத்தகைய சிறு பொருள் ஒன்றை வாங்கினான். விற்றவர் கண்முன்னேயே தரையில் போட்டு உடைத்தான். வளர்ந்து சமூகவியல் பேராசிரியரான பிறகு அவர் உடைக்கவில்லை, சேர்த்தார். இவர்கள் வாங்கியதையும் வேடிக்கைக்காக வாங்குவதையும் ஒரே கணக்கில் எழுதுவது நேர்மையாகாது.

பியர் ஒமிட்யார் 1995இல் தொடங்கிய இணைய ஏலத்தளமான இபே, ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராய் அலைந்து தேட வேண்டியிருந்த பொருளை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தது. ‘பிளாக் அமெரிக்கானா’ என்று தனிப்பிரிவே அமைந்தது. கட்டுப்பாட்டுக்கான அழுத்தம் அமெரிக்காவுக்கு வெளியிலிருந்தும் வந்தது. யாஹூ ஏலத்தில் நாஜிப் பொருள்கள் விற்பதை எதிர்த்து பிரெஞ்சு அமைப்புகள் தொடுத்த வழக்கில் 2000இல் பாரிஸ் நீதிமன்றம் தடை உத்தரவு போட்டது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் யாஹூ அப்பொருள்களை விலக்கியது. 2001 மே மாதம் இபேயும் நாஜிப் பொருள்களுக்கும் வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானின் பொருள்களுக்கும் வரம்பு கட்டியது. ஆனால் அந்த விதிகளின் கண் வெறுப்பு இயக்கங்களின் சின்னங்கள்மீதே இருந்தது. பிஸ்கட் ஜாடியில் எந்த இயக்கத்தின் முத்திரையும் இல்லை. ‘பாட்டி வீட்டு நினைவு’ என்ற பெயரில் அது தப்பித்தது.

விதி மாறுவதற்கு உயிர்கள் போக வேண்டியிருந்தது. 2015 ஜூனில் தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் 9 கறுப்பினத்தவர் வெள்ளை இனவெறியன் ஒருவனால் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகே, அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் கொடியை இபேயும் அமேசானும் நீக்கின. 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் காவலர் கையில் கொல்லப்பட்ட பின் ஆன்ட் ஜெமைமா பெயரைக் கைவிடுவதாக உரிமை நிறுவனம் அறிவித்தது. இன்றைய இபே விதி, இனத்தை இழிவுபடுத்தும் கேலியுருவப் பொம்மைகள், வீட்டுச் சாமான்கள், பழைய விளம்பரங்கள், கோலிவாக் என்ற கரிமுகப் பொம்மைகள், அடிமைகளைப் பூட்டிய விலங்குகள், அவர்கள் அணிந்த அடையாள வில்லைகள் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. எந்த இயக்கத்தின் சின்னம் என்ற கேள்வியிலிருந்து யாரை இழிக்கிறது என்ற கேள்விக்கு விதி வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின.

தடையை எதிர்ப்பவர்களின் வாதம், வரலாற்றை அழிக்கிறீர்கள் என்பது. அதற்கு விடை தொடக்கத்தில் பார்த்த அந்த உண்டியலிலேயே இருக்கிறது. சந்தையில் திரியும் உண்டியல்களில் ஏராளமானவை மறுவார்ப்புகள். அசலை அச்சாக வைத்து வார்க்கும்போது இரும்பு ஆறிச் சுருங்கும். அதனால் போலி, அசலைவிடச் சற்றே சிறியது. அனுபவமுள்ள சேகரிப்பாளர்கள் அசலின் அடிப்பாகத்தைத் தாளில் கோடிட்டு வைத்துக்கொண்டு, வாங்கும் பொருளை அதன்மேல் வைத்துப் பார்ப்பார்கள். இணைப்புகள் பொருந்தாமல் நிற்கும். பரப்பு சொரசொரப்பாக இருக்கும். துருவும் வேண்டுமென்றே ஏற்றியதாக இருக்கும். உரிமையாளர்கள் அடிமைகளை வாடகைக்கு விடச் சார்ல்ஸ்டன் நகராட்சி வழங்கிய செப்பு வில்லைகளுக்கும் இதே கதை. ஆண்டும் எண்ணும் ‘சுமைகூலி’, ‘பணியாள்’ என்ற தொழிலும் பொறித்த அந்தச் சிறு தகட்டை, ஒரு மனிதர் உடம்பில் சுமந்த தகட்டை, போலியாக அடித்து விற்கிறார்கள். அண்மையில் வார்த்த போலிக்கு என்ன வரலாறு இருக்கிறது? அதற்கு இருப்பது வாங்க ஆள் இருக்கிறது என்ற கணக்கு மட்டுமே. வரலாற்றுக்காகத்தான் வாங்குகிறோம் என்ற பேச்சு இந்த இடத்தில் நிற்காது.

இணையப் பக்கத்தில் இப்பொருளுக்கு ஒரு படம், ஒரு விலை, ‘அரியது’ என்ற ஒரு சொல் கிடைக்கும். யாரை நோக்கிச் சிரிக்க அதைச் செய்தார்கள் என்பது அங்கே வராது. விதி இறுகிய பின்னும் பட்டியலில் பெயரை மாற்றிப் போடுகிறவர்கள் உண்டு. பழைய இயந்திர உண்டியல்களை இன்றும் ஏலம் விடும் நிறுவனங்களும் உண்டு. ஆகவே தடை ஒன்றே போதும் என்று நான் சொல்லமாட்டேன். பொருளும் அதன் வரலாறும் சேர்ந்தே நிற்கும் இடம் வேண்டும்.

அப்படி ஓர் இடம் இருக்கிறது. பில்கிரிம் தாம் சேர்த்த சுமார் 2,000 பொருள்களை 1996இல் மிச்சிகனின் ஃபெரிஸ் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். இனப்பிரிவினைச் சட்டங்களின் பட்டப்பெயரைத் தாங்கிய ஜிம் குரோ அருங்காட்சியகம் அதிலிருந்து வளர்ந்தது. 2012 ஏப்ரலில் புதிய இடத்தில் திறக்கப்பட்டது. அந்த உண்டியலும் ஜாடிகளும், அவற்றைப் பிறப்பித்த சட்டங்களையும் கும்பல் கொலைகளையும் சொல்லும் காட்சிகளோடு ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. பார்க்கக் கட்டணம் இல்லை.