பரணும் கூரையறையும்: சிலாங்கூர்த் தோட்டத் தமிழர் உழைப்பின் ஒரு பக்கம்

பரண் என்பது தமிழர் வாழ்வில் பழகிய சொல். தினைப்புனம் காத்த மகளிர் ஏறியிருந்த உயர்ந்த மேடை இதணம் எனவும் பரண் எனவும் வழங்கிற்று. பின்னர் வீட்டினுள், கூரைக்குச் சற்றுக் கீழே பண்டங்களை ஏற்றிவைக்கும் தட்டும் அப்பெயர் பெற்றது. புனத்துப் பரணில் நாற்புறமும் காற்று; வீட்டுப் பரணிலோ காற்றுக்கு வழியில்லை. அங்கே பொருள் இருக்கலாம். மனிதன் நெடுநேரம் இருத்தல் ஆகாது. எனினும் சிலாங்கூருக்கு வந்த தமிழ்த் தொழிலாளரின் வரலாற்றில், கூரையை ஒட்டிய குறுகிய இடத்தில் காலங்கழிக்க நேர்ந்த நிலை மூன்று காலங்களில் தோன்றியிருக்கிறது. அவற்றை வரிசையாக நோக்குதல் பயனுடையது.

முதலாவது, லயம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியபோது கிள்ளான், கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர்ப் பகுதிகளில் காடுகள் தோட்டங்களாயின. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை நீக்கப்பட்ட பின்னரும் கங்காணிகள் வழியே ஆட்கள் வந்துகொண்டே இருந்தனர். 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை அது நீடித்தது. வந்தவர்களுக்கு நீண்ட பலகைக் கொட்டகைகள் எழுப்பப்பட்டன. முதுகோடு முதுகு சேர்ந்தாற்போல் இரு வரிசை அறைகள். ஓர் அறை பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. பின்சுவரில் சன்னல் வைக்க இடமில்லை; காற்று குறுக்கே ஓட வழியில்லை. அத்தாப்புக் கூரை வெப்பத்தைத் தடுத்தது. ஆனால் ஒழுகியது, எளிதில் தீப்பற்றியது. தகரக்கூரை ஒழுகவில்லை, ஆனால் நண்பகலில் அனலைக் கீழே பொழிந்தது. அடுப்புப் புகையும் அந்தக் கூரையடியிலேயே தங்கிற்று.

அக்காலத்தில் கூலிகளின் நோய்க்கு அவர்களுடைய பழக்க வழக்கங்களே காரணம் எனக் கூறுதல் எளிதாக இருந்தது. கிள்ளானுக்கு 1901இல் அரசாங்க மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் வேறு வழியில் சிந்தித்தார். மலேரியாவைப் பரப்புவது கொசுவே என்று ரொனால்ட் ராஸ் 1897இல் இந்தியாவில் காட்டியிருந்தார். அதனை ஏற்ற வாட்சன், சதுப்புகளை வடித்தும் காடுகளை வெட்டியும் கிள்ளான் பகுதியில் காய்ச்சலைக் குறைத்தார். பின்னர்த் தோட்டங்களிலும் அம்முறையைப் பரப்பினார். இடத்தைத் திருத்தினால் உயிர் பிழைக்கும் என்பதே அப்பணி கற்பித்த பாடம். அது கொசுவுக்கு மட்டும் உரியதன்று.

இரண்டாவது, புகைக்கூடம். பால்மரத்துப் பாலை உறையவைத்து, உருளையில் அழுத்தி, தகடாக்கிப் புகையில் உலர்த்துவர். பழைய புகைக்கூடங்கள் பலவற்றில் கீழே விறகுத் தீ. மேலே, கூரையடியில், கழிகளில் தொங்கும் ரப்பர்த் தகடுகள். உள்வெப்பம் ஏறத்தாழ 40 முதல் 60 பாகை செல்சியசு வரை இருக்கும். நாள்கள் பலவாக நடக்கும் அவ்வேலையில், தகடுகளைத் தொங்கவிடவும் திருப்பவும் இறக்கவும் ஆள் ஏற வேண்டியிருந்தது. கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலும் ஒருபுறம். ஒரு தகடு தீயில் விழுந்தால் கூடமே எரியும் அச்சம் மறுபுறம். தகடுகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி உள்ளே செலுத்தும் அமைப்பு வந்த பின்னரே மனிதன் உள்ளே நிற்கும் நேரம் குறைந்தது. இங்கும் மாறியது தொழிலாளியின் பழக்கமன்று, இடத்தின் அமைப்பே என்பது கருதத்தக்கது.

தொழிலாளர் வீட்டு வசதிக்குக் குறைந்த அளவு தரத்தை வகுத்து 1966இல் சட்டம் இயற்றப்பட்டது. 1990இல் அதனிடத்தில் புதிய சட்டம் வந்தது. ஆயினும் அதற்குள் தோட்டங்களே மறையத் தொடங்கிவிட்டன. 1990களில் வட சிலாங்கூரில் புக்கிட் செந்தோசா, புக்கிட் பெருந்தோங் முதலிய வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. லயத்தை விட்டுக் குடும்பங்கள் வெளியேறின. பால்வெட்டியவர்களின் பிள்ளைகளுள் சிலர் மின்கம்பி இழுக்கவும், குளிரூட்டி பொருத்தவும், ஒழுகும் கூரையைச் செப்பனிடவும் கற்றனர். இவ்வாறு மூன்றாவது நிலை தோன்றிற்று: அடுக்கு வீடுகளின் மேற்பலகைக்கும் கூரைக்கும் இடைப்பட்ட கூரையறை.

அங்கே ஆபத்து நான்கு வகைப்படும். முதலாவது வெப்பம். வியர்வை ஆவியாகும்போதே உடல் குளிர்கிறது. காற்று அசையாத ஈரப்பதத்தில் வியர்வை வழியுமேயன்றி உலராது. தலைசுற்றலும் பேச்சுக் குழறலும் தோன்றுமுன் இறங்காவிடில் உயிருக்கே கேடு. இரண்டாவது மின்சாரம், வியர்வையில் நனைந்த உடல் அதனை எளிதில் ஏற்கும். மூன்றாவது காலடி, மேற்பலகை ஆளின் எடையைத் தாங்காது, சட்டத்தின்மீதே மிதிக்க வேண்டும். நான்காவது தூசு. பழைய கட்டடங்கள் பலவற்றின் கூரைத் தகட்டிலும் மேற்பலகையிலும் கல்நார் கலந்திருக்கிறது. அதை அறுத்தாலும் உடைத்தாலும் எழும் நுண்தூசு நுரையீரலில் தங்கி, பல்லாண்டு கழித்தே நோயாக வெளிப்படும். பிரிட்டனில் 1930இல் வெளியான அரசாங்க ஆய்வு இத்தூசின் கேட்டை உறுதிப்படுத்த, அடுத்த ஆண்டே கட்டுப்பாட்டு விதிகள் வந்தன.

இவை வெறும் ஊகங்கள் அல்ல என்பதற்கு ஆஸ்திரேலியா சான்று. 2009இல் அந்நாட்டரசு வீட்டுக் கூரைகளில் வெப்பத்தடுப்பு விரிக்கும் பெருந்திட்டத்தைத் தொடங்கிற்று. புதிதாக வேலைக்கு வந்த இளைஞர்கள் போதிய பயிற்சியின்றிக் கூரைக்குள் அனுப்பப்பட்டனர். நால்வர் மாண்டனர்: மூவர் மின்சாரம் தாக்கி, ஒருவர் வெப்பத்தால். 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2014இல் அரச விசாரணைக் குழு அறிக்கை அளித்தது. செல்வமிக்க நாட்டிலேயே இந்நிலையெனில், தனியாளாக ஏணியைத் தோளில் சுமந்து வருபவனின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

மலேசியாவின் 1994ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்புச் சட்டம் முதலில் குறிப்பிட்ட துறைகளுக்கே உரியதாயிருந்தது. 2024 சூன் முதல் நாளிலிருந்து, சில விலக்குகள் நீங்கலாக, எல்லா வேலையிடங்களுக்கும் அது விரிந்துள்ளது. ஆயினும் சட்டம் கூரைக்குள் ஏறி வாராது. மின்சாரத்தை முதன்மைச் சாவியில் துண்டித்தல், காலை வேளையிலேயே பணியை முடித்தல், கீழே ஓர் ஆளை நிறுத்துதல், நீரருந்த அடிக்கடி இறங்குதல், கல்நார் என ஐயமெழின் தொடாதிருத்தல் ஆகியவற்றை வேலை கொடுப்போரும் செய்வோரும் ஒருங்கே மேற்கொள்ள வேண்டும். வீட்டுக்காரரும், ‘ஐந்து நிமிட வேலைதானே’ என்று நண்பகலில் ஆளை மேலேற்றுதல் தகாது. லயத்தின் பின்சுவரில் சன்னல் திறக்க ஒரு தலைமுறை காத்திருந்தது. அத்தலைமுறையின் பேரப்பிள்ளைகள் கூரையறையில் அத்துணைக் காலம் காத்திருக்க வேண்டியதில்லை.