கணவன்வழி வதிவுரிமையும் குடிபெயர்ந்த மனைவியரும்: பிரித்தானியக் குடிவரவு விதிகள் பற்றிய ஒரு நோக்கு

நாடு கடந்து மணம்புரிந்து செல்லும் பெண்களின் அவலநிலையைத் தனிப்பட்ட கணவன்மாரின் கொடுமையாகவோ, அப்பெண்கள் பிறந்த சமூகத்தின் பழமைவாதமாகவோ விளக்குவது பொதுவழக்காகவுள்ளது. இவ்விளக்கம் முற்றிலும் தவறானதன்று, ஆயின் முழுமையானதுமன்று. அக்கொடுமைக்கு வலுவூட்டும் அதிகாரத்தை அரசின் சட்டமே கணவனிடம் ஒப்படைத்த வரலாறும் உண்டு. இந்திய உபகண்டத்துப் பெண்கள் பலர் மணவழியாகச் சென்று குடியேறிய பிரித்தானியாவின் அனுபவத்தைக் கொண்டு இதனை நாம் நோக்குவோம்.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் பிரித்தானிய ஆலைகளுக்குத் தேவைப்பட்ட உழைப்பில் பெரும்பங்கினை அதன் முன்னைய குடியேற்ற நாடுகள் வழங்கின. 1962ஆம் ஆண்டின் பொதுநலவாயக் குடிவரவுச் சட்டம் தொழிலாளரின் வருகையைக் கட்டுப்படுத்தியது. எனினும் அங்கு வாழ்ந்தோரின் மனைவியரும் பிள்ளைகளும் வரும் வழி எஞ்சியிருந்தது. எனவே அதிகாரிகளின் ஐயப்பார்வை மணவழி வருவோர் மீது குவிந்தது. 1979 சனவரியில், மணம்புரிவதற்காக ஹீத்றோ விமான நிலையத்தில் வந்திறங்கிய இந்திய ஆசிரியை ஒருவர் கன்னிமைப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டார். அக்கால விதிப்படி மணமகளாக வருபவருக்கு முன்னனுமதி வேண்டியதில்லை. மனைவியாக வருபவருக்கோ அது வேண்டியிருந்தது. அவர் முன்னரே மணமானவரோ என அறியவே அவரது உடல் சோதிக்கப்பட்டது. இச்செய்தி வெளியானதும் எழுந்த கண்டனத்தின் பின்னரே இவ்வழக்கம் தடைசெய்யப்பட்டது.

மனைவியரின் வதிவுரிமையைப் பொறுத்தவரை 1985ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனையாகும். அதுவரை, பிரித்தானியாவில் வதிவுரிமை பெற்ற ஆடவர் தம் மனைவியரை அழைப்பது ஒப்பளவில் எளிதாயிருந்தது. பெண்கள் தம் கணவன்மாரை அழைப்பதற்கோ கடுமையான நிபந்தனைகள் விதிக்கப்பட்டிருந்தன. அப்துல்அசீஸ், கபாலெஸ், பல்கண்டலி ஆகிய மூன்று பெண்கள் தொடுத்த வழக்கில், இது பால்வழிப் பாரபட்சமென ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அவ்வாண்டு மே மாதத்தில் தீர்ப்பளித்தது. அரசு செய்தது யாது? கணவன்மாருக்கிருந்த தடைகளை நீக்காது, அவற்றை மனைவியர் மீதும் சுமத்தியது. பெண்கள் வேண்டியது உரிமையில் சமத்துவம். கிடைத்ததோ தடையில் சமத்துவம்.

இதன் விளைவாக மனைவியும் ஓராண்டு நிபந்தனைக் காலத்தைக் கடக்கவேண்டியதாயிற்று. அக்காலத்துள் மணவாழ்வு முறிந்தால் நாட்டில் தங்கும் தகுதியும் பறிபோகும். பொதுநிதி உதவியும் அவளுக்கு விலக்கப்பட்டிருந்தது. பெண்கள் புகலிடங்களின் வாடகை பெரும்பாலும் அந்நிதியினாலேயே ஈடுசெய்யப்பட்டமையால், அடிபட்டு வெளியேறியவளுக்குப் புகலிடமும் அரிதாயிற்று. பிறந்தகம் திரும்பினால் வாழாவெட்டி என்னும் வசை காத்திருந்தது. இந்நிலையில் நாடுகடத்தப்படுவாய் என்ற ஒரு சொல்லே கணவனுக்குப் போதிய ஆயுதமாயிற்று.

சவுத்தோல் கறுப்பினச் சகோதரிகள் முதலிய பெண்கள் அமைப்புகளின் நெடிய போராட்டத்தின் பயனாக, குடும்ப வன்முறையை நிரூபிப்போர் தனித்தே வதிவுரிமை கோரும் சலுகை 1999இல் கிட்டியது. ஆயின் நீதிமன்றத் தடையாணை, தண்டனைத் தீர்ப்பு, பொலிசாரின் எச்சரிக்கைப் பதிவு என்பனவே தொடக்கத்தில் சான்றுகளாக ஏற்கப்பட்டன. மொழியறியாது வீட்டினுள் அடைபட்டிருந்த ஒருத்தி இவற்றை எங்ஙனம் பெறுவாள்? 2002இல் இச்சலுகை விதிகளில் இடம்பெற்றது. 2012இல், ஆதரவற்றோர் மூன்று மாதங்களுக்குப் பொதுநிதி பெறவும் வழி பிறந்தது. மறுபுறத்தில், நிபந்தனைக் காலம் 2003இல் ஈராண்டாகவும் 2012இல் ஐந்தாண்டாகவும் நீட்டப்பட்டது. ஒரு கையால் வழங்கிய பாதுகாப்பினை மறுகையால் அரசு குறைத்தது எனலாம்.

வன்முறை நிகழ்ந்த பின் காட்டப்படும் சலுகை, அவ்வன்முறைக்கு இடமளிக்கும் சார்புநிலையை அகற்றமாட்டாது. மனைவியின் வதிவுரிமை கணவனின் தயவிலன்றி அவளுக்கே உரியதாக அமையும்வரை, மணவழிக் குடிவரவில் பெண் சமபங்காளியாக இருத்தல் இயலாது என்பதே இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிபாகும்.